கிழங்கு வலி

உ
வெண்ணந்தூர்
6-10-2024

திருமதி ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

பாவாயி எழுதிக்கொள்வது. எந்தப் பாவாயி என்று யோசிக்க வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகளிர் ஸ்டேஷனில் உங்களைப் பார்த்து, "ஊசி போடறவ, மவனையும் ஊசியாட்டம் எங்கூட்டுக்குள்ள ஏத்திப்போட்டா" என்று கத்தினேனே, அந்தப் பாவாயிதான். என் மகள் பிரவீனா உங்கள் மகன் ரூபனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு, "இனி இந்தப் பொம்பளகிட்டச் செத்தாலும் பேசமாட்டேன்" என்று இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் சத்தியம் செய்தேன். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்குப் பதினோரு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் நான். எது சத்தியத்துக்குள் வரும், எது வராது என்பது எனக்குத் தெரியும்.

போனில் கேட்டிருக்கலாம்தான். எங்கள் வீட்டுக்காரர் மயில்சாமியின் காது கொஞ்சம் மந்தம்; யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே ஒலிபரப்புவார். பிரவீனா பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்துச் சின்னாயி கண் காட்டச் சேலம் வந்தவள், ஸ்கேன் சென்டர் வாசலில் உங்களையும் என் மகளையும் பார்த்திருக்கிறாள். புரை விழுந்த கண்ணோடு அவள் பார்த்தது போதாதென்று உள்ளே போய் விசாரித்தும் வந்துவிட்டாள். "அக்கா, ரெட்டையாமா! நாலு மாசமாமா!" என்று பஸ் நிறுத்தத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

நிஜமா? எட்டாவது படிக்கும்போது ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழம் ஒன்றைப் பிரவீனா தின்றாள். நான் பிடுங்குவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. அதுதான் வேலையைக் காட்டிவிட்டதோ என்னவோ.

அவள் சாப்பிடுகிறாளா? வாந்தி உண்டா? நீங்கள் முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர் என்பதால் எல்லாம் "நார்மல்தான்" என்று சொல்லித் திரிவதாகவும் சின்னாயி சொன்னாள். ஒரு பிள்ளைக்கே உயிர் போய் வருகிறது, இரண்டுக்கு நார்மலா? உங்களுக்குப் பேரில்தான் ஆரோக்கியம் இருக்கிறதா?

நான் எழுதியது பிரவீனாவுக்குத் தெரிய வேண்டாம். பதில் எழுதினால் உறையில் உள்ள குழு அலுவலக முகவரிக்கு எழுதவும்.

இப்படிக்கு,
ம. பாவாயி


சேசு மரி சூசை
சேலம்
14-10-2024

திருமதி பாவாயி அம்மாளுக்கு,

ஸ்டேஷனில் நீங்கள் சொன்ன வார்த்தையை ஜெபத்தில் மன்னித்துவிட்டேன். மறக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

இரட்டைதான். தனித்தனிப் பை, தனித்தனி நஞ்சுக்கொடி. இரட்டையில் இது நல்ல வகை. பதினேழு வாரம் முடிந்திருக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. தினமும் இரண்டு முட்டை, பயறு, கீரை, இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை. மாத்திரையை மட்டும் நான் பார்க்கும்போதுதான் விழுங்குகிறாள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இடது பக்கமாகப் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நார்மல் என்று நான் சொல்லித் திரியவில்லை. முதல் குழந்தை தலை கீழாக நின்றால், முப்பத்தேழு வாரம் தாண்டினால், பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருந்தால் முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். முடியாவிட்டால் கத்திக்கும் தோத்திரம் சொல்லி ஏற்றுக்கொள்கிறவள் நான். ஆசைப்படுவது உங்கள் மகள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

"எங்கம்மா வயித்துல ஒரு தழும்பு இருக்குதுங்கத்தை. உன்னை எடுக்கக் கிழிச்சதுன்னு காட்டிக் காட்டியே என்னை வளத்துனாங்க. சோறு திங்கலைன்னா தழும்பு. ஹாஸ்டல் போறேன்னா தழும்பு. கடைசியா ஸ்டேஷன்லயும் சீலைய ஒதுக்கிக் காட்டுனாங்களே, நீங்களும் பாத்தீங்கள்ல? எம் புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு எங்கிட்ட எதுவும் இருக்கக் கூடாது."

இதுதான் காரணம். மருத்துவக் காரணம் அல்ல என்று எனக்கும் தெரியும்.

ஆண்டவர் உங்களுக்குச் சமாதானம் தருவாராக.

ஆரோக்கியமேரி


உ
வெண்ணந்தூர்
3-11-2024

திருமதி ஆரோக்கியமேரி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழு அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். "யாருங்கக்கா எழுதியிருக்கறது, கண்ணுல தண்ணி வருது?" என்று கேட்டார்கள். வங்கியிலிருந்து என்றேன், உடனே நம்பிவிட்டார்கள்.

தழும்பைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நான்தான் காட்டினேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்க்கும் பிள்ளையை அடக்க ஒரு ஆயுதம் உண்டு. ஒருத்தி மாரில் அடித்துக்கொள்வாள், ஒருத்தி கிணற்றங்கரைக்குப் போய் நின்றுகொள்வாள். எங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை. நான் தழும்பைக் காட்டினேன். ஸ்டேஷனில்தான் முதல் தடவையாக அது வேலை செய்யவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா, "எனக்கும் இருக்குதுங்க, மூடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு அவள் வயிறு தெரிந்ததா? ஐந்து மாதம் ஆகிறது. இரண்டும் ஒரே பக்கம் உதைக்குமா, ஆளுக்கொரு பக்கமா?

உங்களுக்கு ஒரு ரகசியம். போன வாரம் எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது. இவர் தொழுவத்தைவிட்டு நகரவில்லை. வெளியே வந்து என்னைப் பார்க்காமல், தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டையும் தானாத்தான் ஈனுச்சு. முதக்குட்டி நேரா வந்துச்சுன்னா ரெண்டாவதுக்கு வழி தெரிஞ்சுக்கும்" என்றார். ஆட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னார் என்று நம்ப நான் அவ்வளவு மந்தமில்லை. செய்தி டீக்கடை வழியாக அவரிடம் போயிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். கவுண்டர் கௌரவம் தொழுவம்வரைதான் இறங்கும்.

கூடையில் இரண்டு தட்டு முட்டை அனுப்பியிருக்கிறேன். வேன் ஓட்டும் எங்கள் ஊர்த் தமிழரசு சேலத்தில் இறக்கித் தருவான். யார் கொடுத்தது என்று கேட்டால் கோயம்புத்தூர் உறவு என்று சொல்லுங்கள்.

ஆனால் நார்மல் வேண்டாம். சொல்லிவிட்டேன்.

பாவாயி


சேசு மரி சூசை
சேலம்
2-1-2025

அன்புள்ள பாவாயி அம்மாளுக்கு,

புத்தாண்டு வாழ்த்துக்கள். முட்டை வந்தது. எனக்குக் கோயம்புத்தூரில் உறவே கிடையாது என்பது பிரவீனாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

இருபத்தொன்பது வாரம். பெரியது ஒரு கிலோ இருநூறு, சின்னது ஒரு கிலோ நூறு. முதல் குழந்தை தலை கீழே. இரண்டாவது இன்னும் குறுக்கே படுத்துக்கொண்டு முடிவெடுக்காமல் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது கவலையில்லை. கால் கொஞ்சம் வீங்குகிறது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. வேலை பார்க்கும் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். மாலையில் ரூபனோடு நடக்கிறாள். மூச்சுப் பயிற்சி செய்கிறாள். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறான்.

மருத்துவமனையில் சனிக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடக்கிறது. இந்த வாரத்திலிருந்து போகப்போகிறாள்.

ஏழாம் மாதம் முடியப் போகிறது. உங்கள் வழக்கப்படி வளைகாப்பு உண்டல்லவா? அதைக் கேட்கத்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் பங்குச் சாமியாரை அழைத்து ஆசீர்வாதம் வாங்கினோம். அவள் தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டேன். எனக்கு முறை தெரியாது. எந்தக் கையில் முதலில் என்றுகூடத் தெரியாது.

ஆரோக்கியமேரி


உ
வெண்ணந்தூர்
18-1-2025

சம்பந்தியம்மாவுக்கு,

கையெழுத்து மங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வளையல் போட்டீர்கள் என்று படித்த இடத்தில் நின்றுவிட்டேன். எந்தக் கையில் முதலில் போட்டாலும் சரிதான். போட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லப்போவதற்குக் கோபப்படாதீர்கள். ராசிபுரத்தில் எங்கள் குடும்பத்து ஜோசியர் இருக்கிறார். குடும்பத்துக்கு எதையும் சரியாகச் சொன்னதில்லை என்றாலும் நல்ல மனிதர். மாசி பன்னிரண்டு, பிப்ரவரி இருபத்து நாலு, திங்கள்கிழமை, காலை ஒன்பது பதினைந்திலிருந்து பத்து ஐந்துக்குள் இரண்டையும் எடுத்துவிட்டால் ஒன்று கலெக்டர், ஒன்று டாக்டர் என்றார். "எது கலெக்டருங்க?" என்று கேட்டேன். "முதல்ல வாரது" என்றார். எங்கள் ஊரில் இப்போது எல்லோரும் இப்படித்தான் நாள் குறித்து எடுக்கிறார்கள். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் நடப்பதுபோல ஒரே காலையில் ஐந்து ஆபரேஷன்.

சிரித்தாலும் பரவாயில்லை. எனக்குப் பயம். என் வயிற்றைக் கிழித்துத்தான் அவளை எடுத்தார்கள். எங்கள் வம்சத்து எலும்பு அப்படி. ஒற்றைப் பிள்ளையே இறங்காத இடுப்பில் இரண்டு எப்படி இறங்கும்? டாக்டரம்மாவிடம் நீங்களே சொல்லி அந்தத் தேதியை வாங்கிவிடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.

உங்கள்,
பாவாயி


சேசு மரி சூசை
சேலம்
25-1-2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பிப்ரவரி இருபத்து நாலு என்றால் முப்பத்தாறு வாரம் நான்கு நாள். குழந்தையின் நுரையீரல் ஜாதகம் படிக்காது. காரணமில்லாமல் அன்றைக்கு எடுத்தால் கலெக்டரும் டாக்டரும் முதல் வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். அதை மறந்துவிடுங்கள்.

நான் எழுத வந்தது வேறு.

சனிக்கிழமை வகுப்பில் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒவ்வொருத்தியிடமும், "உங்க அம்மாவுக்கு எப்படிப் பிரசவம் ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். பிரவீனா, "எனக்கு ஆபரேஷன். நான் இறங்கவே இல்லையாம்" என்றாளாம். அத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு முடியவில்லை. வீட்டுக்கு வந்து இடுப்பை இஞ்சு டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். "எங்கம்மாவுக்கே ஒண்ணு இறங்கலை, எனக்கு ரெண்டு எப்படிங்கத்தை இறங்கும்?" என்கிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் மகளுக்கும் என்று எழுதி வைக்கவில்லை என டாக்டர் படம் போட்டு விளக்கினார். தலையை ஆட்டினாள். காதில் விழவில்லை.

இப்போது நடப்பதில்லை, சாப்பாடு பாதி, தூக்கம் இல்லை. ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. இரட்டைக்கு இது நல்ல அறிகுறி இல்லை. நேற்று, "தேதி குறிச்சிருங்க, வலியே வரவேண்டாம்" என்று அழுதாள். மருத்துவத்துக்காகத் தேதி குறித்தால் நானே கூடப் போவேன். பயத்துக்காகக் குறித்தால் அந்தப் பயம் பிறகும் அவளோடு கிடக்கும்.

அதனால் கேட்கிறேன். உங்களுக்கு எந்த மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது? என்ன காரணம் என்று எழுதினார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா? டாக்டரிடம் காட்டிப் பேசவைத்தால் அவள் மனது ஆறும்.

ஸ்டேஷனில் நீங்கள் காட்டியது தொப்புளுக்குக் கீழே நெட்டுத் தையல். அந்தக் காலத்தில் சிசேரியனையும் அப்படித் தைத்தது உண்டு. ஆனால் பிரவீனா இன்னொன்றும் சொன்னாள். அவள் ஆறாவது படிக்கும்போது நீங்கள் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தீர்களாம். "உன்னைப் பெத்தப்பப் போட்ட தையல் பிரிஞ்சுபோச்சு, மறுபடி தெச்சாங்க" என்று சொன்னீர்களாம்.

பதினோரு வருஷம் கழித்துப் பிரியும் தையலை நான் வார்டில் பார்த்ததில்லை, சம்பந்தியம்மா. எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

ஆரோக்கியமேரி


உ
வெண்ணந்தூர்
29-1-2025

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். குட்டிகள் துள்ளுகின்றன. மரவள்ளிக்கு இந்த வருஷம் விலை இல்லை. சின்னாயிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது எல்லோர் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கும் அழுக்கும் தெரிகிறதாம்.

நீங்கள் கேட்ட சீட்டைத் தேடினேன். கரையான் தின்றிருக்கும்.

பாவாயி


உ
வெண்ணந்தூர்
2-2-2025

சம்பந்தியம்மா,

கரையான் தின்னவில்லை. சீட்டே கிடையாது. நாலு நாளாக நான் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீங்கள் சொல்லாதீர்கள். இந்தத் தாளையே பிரவீனா கையில் கொடுத்துவிடுங்கள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். இனி எழுதுவது அவளுக்கு.

பிரவீனா, கண்ணு,

உன்னைக் கிழித்து எடுக்கவில்லை. நீ தானாகத்தான் வந்தாய்.

நீ பிறந்த அன்றைக்கு நம் காட்டில் கிழங்கு பிடுங்கினோம். நல்ல மரவள்ளி. நிறைமாத வயிற்றோடு ஒரு சட்டிக் கிழங்கு வேகவைத்துத் தின்றேன். மத்தியானம் வயிறு இழுத்துப் பிடித்தது. கிழங்கு வாயு என்று சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்தேன். விட்டுவிட்டு வலித்தது. விட்ட நேரத்தில் துணி துவைத்தேன். மூன்று மணிக்கு மறுபடி பிடித்தபோது உங்கள் அப்பாவிடம், "ஏனுங்க, இந்தக் கிழங்கு ஒத்துக்கலைங்க, ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவிஎஸ் வண்டியில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, "கிழங்கா? தலை தெரியுது, ஏறிப் படு!" என்று ஒரு அதட்டல் போட்டார். நாலு முக்கு. நீ வந்துவிட்டாய். எதிர்க்கடைக்குப் போன உங்கள் அப்பாவுக்கு டீ ஆறுவதற்குள் பிள்ளை. ஒரு தையல்கூட இல்லை. மறுநாள் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். இதுதான் நம் வம்சத்து எலும்பு.

தழும்பு நீ ஆறாவது படிக்கும்போது வந்தது. மாதக்கணக்கில் உதிரம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வயது எனக்கு. ஒரு பொட்டப்பிள்ளையோடு நின்றுபோனவள் என்று உன் பெரியம்மாவும் அத்தையும் சாடை பேசிய காலம். நான் குளித்துவிட்டு வந்தபோது நீ பார்த்துவிட்டாய். "அம்மா, இதென்னம்மா?" என்றாய். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "நீ வந்த வழி, சாமி" என்றேன். தையல் பிரிந்த கதையை அப்போதுதான் சேர்த்தேன். நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஒரு வாரம் சொன்ன சொல் தட்டவில்லை. பாத்திரம் கழுவினாய். எண்ணெய் வைத்துக்கொண்டாய்.

அந்த ஒரு வாரத்தில் நான் ருசி கண்டுவிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே நிஜமாகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்குப் போன மாதம் எழுதும்போதுகூட எங்கள் வம்ச எலும்பு என்று எழுதினேன். எழுதிய பிறகுதான், அப்படி ஒன்று இல்லையே என்று ஞாபகம் வந்தது.

நீ வந்த வழியில் தழும்பு எதுவும் இல்லை. பயப்படாதே. நட. முட்டையைத் தின்னு.

அம்மா


சேசு மரி சூசை
சேலம்
3-3-2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு மாதம் உங்களைக் காக்கவைத்ததற்கு மன்னியுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நல்ல செய்தி. சனிக்கிழமை, முப்பத்தேழு வாரம் இரண்டு நாளில், இரண்டும் பிறந்துவிட்டன. மூன்று உயிரும் நலம்.

காலை ஆறரைக்கு இட்லி தின்றுகொண்டிருக்கும்போது தண்ணீர்க்குடம் உடைந்தது. ரூபன் பையை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டான். மருத்துவமனையில் வலி குறைக்கும் மருந்து ஏற்ற முதுகில் ஒரு குழாய் வைத்தார்கள். இரண்டாவது குழந்தைக்குக் கைவைக்க வேண்டி வந்தால் உதவும் என்பதால். தியேட்டருக்கு உள்ளேயேதான் பிரசவம். இரண்டு குழந்தை டாக்டர்கள் நின்றார்கள். என்னையும் பச்சை உடுப்பு போட்டு மூலையில் நிற்கவிட்டார்கள்.

மதியம் மூன்று பத்துக்குப் பெண் குழந்தை. தலை கீழாக, நேராக, இரண்டு கிலோ முந்நூறு. இரண்டாவது கடைசிவரை குறுக்கேதான் கிடந்தது. இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கியது. டாக்டர் கையை உள்ளே விட்டு இரண்டு பாதத்தையும் பிடித்தார். அந்த நிமிடங்களில் நான் ஜெபமாலை சொல்லவில்லை. மறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இருபத்தொன்பதுக்கு ஆண் குழந்தை, கால் முன்னால். இரண்டு கிலோ நூறு. உடனே அழவில்லை. பிறகு அழுதான். மூச்சு சீராக மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முப்பத்தோரு வருஷ வார்டு வாழ்க்கையில் "அம்மா" என்று கத்தாத பெண்ணை நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் கத்தவில்லை. மருந்து ஏறுவதற்கு முந்தைய வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிழங்கு, கிழங்கு, வெறும் கிழங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ்கள் பயந்துவிட்டார்கள்.

இனி மற்றது. உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். மூன்று தடவை படித்தாள். முதலில் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை தானாக எழுந்து நடக்கப் போனாள். ரத்த அழுத்தம் இறங்கியது. டாக்டரிடம், "முயற்சி பண்ணலாம் மேடம்" என்றாள். நீங்கள் செய்த வேலை அது. வேறு யாராலும் ஆகியிருக்காது.

ஆனால் என்னிடம் இப்படிச் சொன்னாள்: "ஹாஸ்டலுக்குப் போகாம, மெட்ராஸ் வேலைக்குப் போகாம, எத்தனை தடவை அந்தத் தழும்புக்காக நின்னேன் தெரியுமாங்கத்தை? பொய்க்கு நின்னிருக்கறேன். இனி அவங்க லெட்டர் எதையும் எனக்குக் காட்டாதீங்க. நீங்களும் எழுதாதீங்க." பிரசவம்வரை அவள் மனதைக் கலைக்க எனக்குத் துணிவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

நேற்றுக் கேட்டேன். "அம்மாவை வரச் சொல்லட்டுமா?" பக்கத்துத் தொட்டிலில் மகளின் போர்வையைச் சரிசெய்தாள். "வேண்டாங்கத்தை. எப்ப வேணும்னு தோணுதோ அப்ப நானே சொல்றேன். தோணலைன்னா தோணலை."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் என்னையும் வெளியே நிறுத்துவாள். அவள் உங்கள் மகள்தான்.

ஆரோக்கியமேரி


உ
சேலம் புது பஸ் நிலையம்
7-3-2025, வெள்ளி

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதம் கூரியரில் செவ்வாய்க்கிழமை வந்தது. இவரிடம் படித்துக் காட்டினேன். ஆமாம், பெயரைச் சொல்லியேதான். அடி விழும் என்று நினைத்தேன். "எத்தனை கிலோன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். காது மந்தம் என்பதால் மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை நன்றாகக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாலாவதும் கேட்டார்.

இன்றைக்குக் கண் காட்டப் போகிறேன் என்று சின்னாயியிடம் சொல்லிவிட்டு ஏழரை வண்டிக்கு ஏறினேன். வேண்டாம் என்று அவள் சொன்னது தெரிந்தேதான் வந்தேன். உள்ளே வரவில்லை. மருத்துவமனைக்கு எதிரே கரும்புச்சாற்றுக் கடை இருக்கிறதே, அதன் படுதாவுக்குக் கீழே நின்றேன். சும்மா நிற்கவிட மாட்டேன் என்று கடைக்காரன் மூன்று தம்ளர் குடிக்கவைத்தான். எனக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியாது.

பதினொன்றே முக்காலுக்கு வந்தீர்கள். நீங்கள் ஒன்றைச் சுமந்துகொண்டு முன்னால், ரூபன் ஒன்றோடு பின்னால். நடுவில் அவள். சக்கர நாற்காலி கொண்டுவந்த ஆளிடம் கையை அசைத்து வேண்டாம் என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, தானாகவே நடந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நேராக நடந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு டவுன் பஸ் வந்து மறைத்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பஸ் எதுவும் வரவில்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது. வாயை நானேதான் மூடிக்கொண்டேன்.

நான் வந்ததை அவளிடம் சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரம் உங்கம்மா வெயிலில் நின்றாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் இளகிவிடுவாள். எனக்குத் தெரியும். அப்படி இளகி ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த தடவையும் நான் எங்காவது போய் வெயிலில் நிற்பேன். என்னை எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தானாகத் தோன்றட்டும். தோன்றாவிட்டால் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். படித்ததும் கிழித்துவிடுங்கள். பதில் வேண்டாம், எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நானும் இனி எழுதவில்லை. ராசிபுரம் வண்டி வந்துவிட்டது.

பாவாயி

ஒன்று மறந்துவிட்டேன். காரில் ஏறும்போது ரூபன் சின்னவனைச் சாய்த்துப் பிடித்தான். தலை கொஞ்சம் தொங்கியது. கழுத்துக்குக் கீழே கையை இன்னும் நன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததாகவே சொல்லுங்கள்.